தாத்தாவின் ஒமேகா 12 நிமிடம் முந்துகிறது: மெஷினை மாற்றலாமா?

புனலூரிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இது. தாத்தா தென்மலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் கட்டியிருந்த ஒமேகா வாட்ச் பல வருடம் பீரோவில் கிடந்து இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு 12 நிமிடம் முந்துகிறது. கடையில் காட்டினால், பழைய மெஷினை எடுத்துவிட்டு பேட்டரி மெஷின் வைத்துத் தருகிறேன், டயலையும் புதிதாக அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ‘இது அந்தக் காலத்தில் நிஜமாகவே துல்லியமான வாட்ச்தானா, இல்லை வெறும் பெயர்தானா’ என்று ஒரு சந்தேகத்தையும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு விடை தெரிந்தால் மெஷினை மாற்றுவதா வேண்டாமா என்பது தானாகத் தெளிந்துவிடும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். மெஷினை மாற்ற வேண்டாம். டயலைத் தொடவே வேண்டாம். நான் 1986-ல் தென்காசியில் என் மாமா கடையில் வேலை பழக உட்கார்ந்தவன், இன்றைக்குச் செங்கோட்டையில் அதே வேலையைச் செய்கிறேன். ஆரியங்காவு தாண்டி ‘வாச்சு ஓடுன்னில்ல’ என்று வருகிறவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர். கல்ஃபிலிருந்து வந்த சீக்கோ, சிட்டிசன், அதற்கு முந்தைய தலைமுறையின் ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், ஒமேகா எல்லாம் என் மேஜைக்கு வந்துபோகும். இந்தப் பழக்கத்தை வைத்தும் நீங்கள் போட்டிருக்கும் 4 படங்களை வைத்தும்தான் பேசுகிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

படத்தில் தெரிவதிலிருந்து தொடங்குவோம். செம்பு கலந்த தங்க நிறத்தில் மெஷின். பாலத்தின் மேல், அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகட்டின் மேல், 17 கல், 266 என்று பொறித்திருக்கிறது. கல் என்பது தண்டு முனைகள் சுழலும் சின்னக் கல், 266 என்பது மெஷினின் மாடல் எண். வரிசை எண் 13-ல் தொடங்கும் 8 இலக்கம். ஒமேகாவின் எண் வரிசையில் 13 மில்லியன் என்பது 1952 வாக்கு. தாத்தா 1954-ல் வாங்கியதாக அப்பா சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்த வாட்ச் கடைக்கு வந்து விற்க ஒன்றிரண்டு வருடம் ஆவது சகஜம், ஆகவே கணக்கு சரியாக ஒத்துப்போகிறது. பின்மூடியின் உள்பக்கம் 4 இலக்க எண் இருக்கிறது. 1960-களின் தொடக்கம் வரை ஒமேகா கேஸ்களுக்கு, அதாவது மெஷின் உட்காரும் வெளிக்கூடுகளுக்கு, அப்படித்தான் எண் கொடுத்தார்கள். மெஷின் அசல் ஒமேகா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேஸும் மெஷினும் ஒரே நாளில் ஒன்றாகப் பிறந்தவையா என்பதைப் படத்தை வைத்து யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த 70 வருடத்தில் இரண்டு வாட்சை ஒன்றாக்கி விற்றவர்கள் நம் நாட்டில் நிறைய. வீட்டிலேயே கைமாறி வந்த வாட்ச் என்பதால் அந்த ஐயம் இங்கே குறைவு.

இந்த 266 என்பது 30T2 என்ற பெரிய குடும்பத்தின் பிள்ளை. 1939-ல் ஒமேகா வெளியிட்ட மெஷின் அது. பெயரில் இருக்கும் 30 என்பது அதன் விட்டம், 30 மில்லிமீட்டர். அந்த அளவு தற்செயலாக வந்ததில்லை. ஐரோப்பாவில் வானியல் ஆய்வுக்கூடங்கள் கடிகாரங்களுக்குத் துல்லியப் போட்டி நடத்திக்கொண்டிருந்தன. ஸ்விட்சர்லாந்தில் நியூஷாட்டெல், ஜெனீவா, இங்கிலாந்தில் டெடிங்டன். நியூஷாட்டெலில் ஒரு வாட்சை 45 நாள் வைத்து, படுக்கவைத்து, நிமிர்த்திவைத்து, சூட்டில் வைத்து, குளிரில் வைத்துத் தினமும் அளப்பார்கள். கைக்கடிகாரப் பிரிவில் கலந்துகொள்ள மெஷின் 30 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அனுமதித்த அளவு முழுவதையும் எடுத்துக்கொண்டு செய்த மெஷின்தான் 30T2. ஏன் பெரிதாகச் செய்ய வேண்டும்? முன்னும் பின்னும் ஆடி வாட்சுக்குத் தாளம் கொடுக்கும் சக்கரம்தான் பேலன்ஸ் வீல், அதைப் பெரிதாக வைக்க உள்ளே இடம் கிடைக்கும். கோயில் தேரைப் பார்த்திருப்பீர்கள், கிளம்பிவிட்டால் ஒரு சின்னத் தடங்கல் அதை நிறுத்தாது. நடைவண்டியைக் குழந்தையின் விரலே நிறுத்திவிடும். பேலன்ஸ் வீலும் அப்படித்தான். பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் கை ஆடுவதும் எண்ணெய் கொஞ்சம் கெட்டியாவதும் அதன் தாளத்தை எளிதில் கலைக்காது.

இதே யோசனையை இன்னும் தூரம் கொண்டுபோனவர்கள் ஜெனித் கம்பெனிக்காரர்கள். எஃப்ரம் ஜோபின் என்பவர் 1948-ல் வடிவமைத்த 135 என்ற மெஷினில், பேலன்ஸ் வீலை இன்னும் பெரிதாக்குவதற்காக நடுவில் இருக்க வேண்டிய சக்கரத்தையே ஓரமாக நகர்த்தினார்கள். அது நியூஷாட்டெலில் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 வருடம் முதலிடம் வாங்கியது. சாவி கொடுக்கும் கைக்கடிகாரத்தில் அந்தக் காலத்தின் உச்சம் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். போட்டிக்குப் போன ஒமேகாக்கள் கடையில் விற்றவை கிடையாது. ஆல்ஃபிரட் ஜக்கார் போன்ற தனித் தேர்ச்சி பெற்ற கைகள் மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்தவை அவை. கடைக்கு வந்ததிலும், துல்லியச் சோதனையில் தேறி, க்ரோனோமீட்டர் என்று சான்றிதழோடு விற்ற மேல்தர வகை தனியாக இருந்தது. உங்கள் 266 அந்த வகை இல்லை. சாதாரண ஆள் சம்பளத்தில் சேர்த்துவைத்து வாங்கக்கூடிய, ஆனால் அதே எலும்புக்கூட்டில் செய்த மெஷின். 1963 வரை சுமார் 30 லட்சம் செய்தார்கள். பிரிட்டிஷ் விமானப்படைக்கு 1953-ல் கொடுத்த ஒமேகாக்களில் இருந்ததும் இதே குடும்பம், 283 என்ற எண். ஆகவே உங்கள் சந்தேகத்துக்கு என் பதில்: அது வெறும் பெயர் இல்லை. அடிப்படையிலேயே துல்லியத்துக்காகப் பிறந்த மெஷின். அந்த அடிப்படை இன்றைக்கும் உங்கள் வாட்சுக்குள் அப்படியே இருக்கிறது.

சரி, அப்படியென்றால் 12 நிமிடம் ஏன் முந்துகிறது? இதைப் புரிந்துகொள்ள வாட்ச் எப்படி நேரம் காட்டுகிறது என்பதில் ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். பேலன்ஸ் வீலின் நடுத்தண்டில் ஹேர் ஸ்பிரிங் இருக்கும். கொசுவத்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள், வடிவம் அச்சு அசல் அதுதான். அதைத் தலைமுடி பருமனுக்கு இளைத்து, சட்டைப் பொத்தான் அளவுக்குள் சுருட்டினால் ஹேர் ஸ்பிரிங். உள்முனை தண்டோடு, வெளிமுனை பாலத்தோடு. பேலன்ஸ் வீல் ஒரு பக்கம் திரும்பும்போது சுருள் இறுகும், மறுபக்கம் திரும்பும்போது விரியும். லூப் (கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி) வைத்துப் பார்த்தால் ஒரு சின்னப் பூச்சி மூச்சுவிடுவது போலவே இருக்கும். உங்கள் மெஷினில் இது நொடிக்கு 5 முறை, மணிக்கு 18,000 முறை, ஒரு நாளைக்கு 4,32,000 முறை. ஒரு நாளைக்கு 10 நொடி பிசகும் வாட்ச் என்றால் அது 8,640-ல் ஒரு பங்குதான் தப்புகிறது. எந்த மோட்டாரும் கம்ப்யூட்டரும் இல்லாமல் ஒரு எஃகுச் சுருளும் சில பல்சக்கரங்களும் இதைச் செய்கின்றன. இத்தனை வருடம் ஆகியும் புதிதாகப் பூட்டிய பேலன்ஸ் முதல் மூச்சு விடும்போது எனக்கு மனது நிறைந்துவிடும்.

இந்தச் சுருளின் நீளம்தான் தாளத்தைத் தீர்மானிக்கிறது. நீளம் குறைந்தால் வேகம் கூடும். உங்கள் 12 நிமிடம் என்பது 120-ல் ஒரு பங்கு வேகம். கணக்குப்படி சுருளின் நீளம் 60-ல் ஒரு பங்கு குறைந்தாலே அவ்வளவு முந்திவிடும். யாரும் வெட்டாமல் அது எப்படிக் குறையும்? சுருளின் இரண்டு வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் போதும், ஒட்டிய பகுதி வேலை செய்யாது, மிச்சம் இருப்பது குட்டைச் சுருள். அப்படி ஒட்ட வைப்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, எங்கிருந்தோ கசிந்து வந்த எண்ணெய்ப் படலம். இன்னொன்று காந்தம்.

எண்ணெய்ப் படலத்தை நான் என் கையாலேயே கற்றுக்கொண்டேன். மாமா கடையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு ரயில்வேக்காரரின் வாட்சைப் பெட்ரோலில் கழுவி, பேலன்ஸைச் சரியாகக் காயவைக்காமல் பூட்டிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வந்து நின்றார். மீட்டர்கேஜ் வண்டி புனலூர் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது, மணியை நம்பி வேலை பார்ப்பவர். ராத்திரி டூட்டியில் 20 நிமிடம் முந்திவிட்டது என்றார். மாமா ஒன்றும் சொல்லவில்லை. லூப்பை என் கையில் கொடுத்து, ‘சுருளை எண்ணு’ என்றார். எண்ணினேன். வெளிப்பக்கம் இரண்டு வளையம் ஒன்றாகத் தெரிந்தது. அன்றிலிருந்து சுருளை எண்ணாமல் நான் எந்த வாட்சின் மூடியையும் அடைத்ததில்லை.

உங்கள் வாட்சில் ரெகுலேட்டர் முள் நடுவில்தான் நிற்கிறது, மூன்றாவது படத்தில் நன்றாகத் தெரிகிறது. பேலன்ஸுக்கு மேலே இருக்கும் அந்தச் சின்ன நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் முந்தும், மறுபக்கம் தள்ளினால் பிந்தும். அது நடுவில் இருக்கும்போதே 12 நிமிடம் முந்துகிறது என்றால், அளவு தவறி வைத்த கோளாறு இல்லை, சுருளிலேயே ஏதோ ஆகியிருக்கிறது என்பது என் கணிப்பு. அந்த நெம்புகோலை பிந்தும் பக்கம் தள்ளிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரைத் திருத்துகிற வேலை.

வேறு காரணமும் இருக்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். சாவி கொடுக்கும்போது இறுகி வாட்சை ஓட்டும் பெரிய சுருள்தான் மெயின் ஸ்பிரிங். முன்பு யாராவது அளவுக்கு மீறிய வலுவுள்ள மெயின் ஸ்பிரிங் போட்டிருந்தால், பேலன்ஸ் தேவைக்கு மேல் சுற்றிப் பின்பக்கம் போய் முட்டும். அப்போதும் வாட்ச் பயங்கரமாக முந்தும். காதில் வைத்தால் டிக் டிக் என்ற சீரான சத்தம் இருக்காது, குதிரை ஓடுவது போல் கேட்கும். வேறு வாட்சின் பேலன்ஸைத் தூக்கிப் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு, எண்ணிக்கை குறைவு என்றாலும் பார்த்திருக்கிறேன். திறந்து லூப் வைத்துப் பார்க்காமல் இந்த நான்கில் எது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் படம், பீரோவில் கிடந்த காலம் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எண்ணெய்ப் படலம் அல்லது காந்தம் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. இரண்டுமே சரிசெய்யக்கூடியவை.

வீட்டில் நீங்களே செய்து பார்க்கக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஒரு சின்னத் திசைகாட்டியைத் தட்டையாக வைத்து வாட்சை அதன் பக்கத்தில் மெதுவாகக் கொண்டுபோங்கள். ஊசி நன்றாக இழுபட்டு ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் ஏறுவது இன்று மிக எளிது. மொபைல் உறையின் மூடியில் காந்தம், ஸ்பீக்கரில் காந்தம், பீரோ கதவில் காந்தம். காந்தம் இறக்குவதற்கு ஒரு சின்னப் பெட்டி உண்டு, ஒரு நிமிட வேலை. அப்புறம் இன்னொரு சோதனை. முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே பார்க்கும்படி 24 மணி நேரம் வைத்து எவ்வளவு முந்துகிறது என்று எழுதுங்கள். மறுநாள் அதே நேரம் சாவி கொடுத்து டயல் கீழே பார்க்கும்படி. மூன்றாம் நாள் சாவி கீழே இருக்கும்படி நிமிர்த்தி. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு முந்தினால் சுருள் நிரந்தரமாக ஒட்டியிருக்கிறது, அல்லது காந்தம். ஒரு நிலையில் 12 நிமிடம், இன்னொரு நிலையில் ஒன்றிரண்டு நிமிடம் என்று வந்தால் சுருள் சாய்ந்து எதையோ உரசுகிறது என்று அர்த்தம். முழுச் சாவியில் எத்தனை மணி நேரம் ஓடி நிற்கிறது என்பதையும் பாருங்கள். ஆரோக்கியமான 266 ஒன்றரை நாளைத் தாண்டி ஓடும். 20 மணியில் நின்றால் மெயின் ஸ்பிரிங் களைத்துவிட்டது.

சர்வீஸ் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கடையில் ஒவ்வொரு பொருள். பின்மூடியைத் திறந்து, மெஷினைக் கழற்றாமல், தெரிகிற ஓட்டைகளில் எண்ணெய் விட்டு மூடுவதும் சர்வீஸ்தான் சிலருக்கு. பழைய பிசினின் மேல் புது எண்ணெய் விழுந்தால் இரண்டும் கலந்து ஒரு வருடத்தில் தேய்க்கும் பசையாகிவிடும். முழுச் சர்வீஸ் என்றால் கடைசித் திருகு வரை கழற்ற வேண்டும். மெயின் ஸ்பிரிங்கை அது இருக்கும் பேரல் என்ற வட்ட டப்பாவிலிருந்து வெளியே எடுக்க வேண்டும். அதை மேஜையில் விட்டவுடன் எப்படி விரிகிறது என்பதே அதன் வயதைச் சொல்லிவிடும். நல்ல ஸ்பிரிங் பெரிதாக விரிந்து முனை எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும். களைத்தது இருந்த இடத்திலேயே சின்னச் சுருளாகக் கிடக்கும். கல் ஓட்டை ஒவ்வொன்றையும் கூர் சீவிய மரக்குச்சியால் குடைந்து, குச்சி கறுக்காமல் வெளியே வரும்வரை துடைக்க வேண்டும். பேலன்ஸ் தண்டின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும், அதைவிடக் குறைவாகவும் இருக்கும். அந்தக் கல்லுக்குள் பழைய எண்ணெய் ஒரு துளி காய்ந்திருந்தால் போதும், துல்லியம் போய்விடும்.

எண்ணெய் ஒரே வகை இல்லை. வேகமாக ஆடும் முனைகளுக்கு மெல்லியது, மெதுவாக அழுத்தத்தோடு சுற்றும் சக்கரங்களுக்குத் தடித்தது, மெயின் ஸ்பிரிங்குக்குக் கிரீஸ், பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தடுத்து விடும் பேலட் கல்லுக்குத் தனி. ஹேர் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டும் கூடாது. தையல் மெஷின் எண்ணெயை எல்லாவற்றுக்கும் விடுகிற கடையில் உங்கள் வாட்சைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் மூன்று விஷயம் தைரியமாகக் கேளுங்கள். மெயின் ஸ்பிரிங்கை வெளியே எடுப்பீர்களா, முடித்ததும் டைமிங் மெஷினில் (வாட்ச் எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று அளக்கும் கருவியில்) வைத்து இரண்டு மூன்று நிலையில் காட்டுவீர்களா, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா. வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இத்தனை லட்சம் செய்த மெஷின் என்பதால் மெயின் ஸ்பிரிங், சாவித் தண்டு போன்றவை இன்னும் கிடைக்கின்றன. ஆகவே பாகம் கிடைக்காது என்று சொல்லி மெஷினை மாற்றச் சொன்னால் அதை அப்படியே ஏற்காதீர்கள்.

சரியாகச் சர்வீஸ் செய்தால் எவ்வளவு துல்லியம் எதிர்பார்க்கலாம்? இன்றைய ஸ்விஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழுக்கு ஒரு நாளைக்கு 4 நொடி பிந்துவது முதல் 6 நொடி முந்துவது வரை அனுமதி. உங்கள் 266-ல் தேய்மானம் அதிகம் இல்லையென்றால், கையில் கட்டியபடி ஒரு நாளைக்கு 10, 15 நொடிக்குள் கொண்டுவருவது சாத்தியம். அதைவிட நன்றாக ஓடிய 30 மில்லிமீட்டர் ஒமேகாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்களுடையதைத் திறக்காமல் அந்த வாக்குறுதி தர மாட்டேன். வெறும் நேரம்தான் வேண்டும் என்றால் பேட்டரி வாட்ச் இதைத் தோற்கடித்துவிடும், அதில் வாதமே இல்லை. அதற்குத் தாளம் கொடுக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, சாதாரணமானதே மாதத்துக்கு 15 நொடிக்குள் நிற்கும். அதற்காகத் தாத்தாவின் கேஸுக்குள் பேட்டரி மெஷினைத் திணிக்க வேண்டுமா? வேறு ஒரு பேட்டரி வாட்ச் வாங்கிக்கொள்ளுங்கள். கேஸைவிட்டு வெளியே வந்த அசல் மெஷின் பெரும்பாலும் வீடு திரும்புவதில்லை. அது இன்னொரு வாட்சுக்குப் பாகமாகப் போய்விடும். அந்த யோசனையைச் சொன்னவருக்குக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல வரவில்லை. பேட்டரி மெஷின் வைப்பது ஒரு மணி நேர வேலை, இதைச் சர்வீஸ் செய்வது ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும்.

டயலைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் படத்தில் வெள்ளை மங்கி வெல்ல நிறத்துக்கு வந்திருக்கிறது, 4-க்குப் பக்கத்தில் சிறு புள்ளிகள். அது 70 வருடம் வாழ்ந்ததன் நிறம். மறுபடி அடித்தால் எழுத்து தடித்துப்போகும், நிமிடக் கோடுகள் முள்ளோடு பொருந்தாது, அதன் பிறகு அசல் திரும்ப வரவே வராது. பழைய வாட்ச் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பதே டயலைத்தான். இன்னொன்று முக்கியம். முள்ளிலோ எண்களிலோ பழுப்பாகக் காய்ந்த பூச்சு இருந்தால் நகத்தால் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசுவது வழக்கம். ஒளி எப்போதோ போயிருக்கும், ஆனால் ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகவே சுமார் 1,600 வருடம் ஆகும். கண்ணாடிக்குள் இருக்கும்வரை கட்டிக்கொள்வதில் பெரிய பயமில்லை, பொடியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. உங்கள் படத்தில் முட்கள் வெறும் உலோகமாகத்தான் தெரிகின்றன, இருந்தாலும் வேலை செய்பவரிடம் சொல்லிவையுங்கள்.

நம் பக்கத்து வானிலைக்காகவும் சிலது சொல்ல வேண்டும். புனலூர் வெயில் உங்களுக்கே தெரியும். பழங்கால எஃகு ஹேர் ஸ்பிரிங் என்றால் ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒரு நாளைக்குச் சுமார் 11 நொடி பிந்தும். விடியற்காலைக்கும் உச்சிவெயிலுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் 2 நிமிடத்தைத் தொட்டுவிடும். இந்தத் தொல்லையைத் தீர்க்கும் நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் சார்ல் எடுவார் கியோம் 1920-ல் இயற்பியல் நோபல் வாங்கினார். ஐம்பதுகளின் நல்ல ஸ்விஸ் வாட்சுகளில் அந்த வழியில் வந்த சுருள்கள் இருப்பதால் வெயில் உங்களுக்குப் பெரிய எதிரி இல்லை. ஈரம்தான் எதிரி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை புளியரை வழியாகச் சாரல் அடிக்கும் மாதங்களில் என் மேஜைக்கு வரும் வாட்சுகளில் சாவித் தண்டு துருப்பிடித்தவை அதிகம். உங்களுடையது அழுத்தி மூடும் பின்மூடி, தண்ணீரைத் தடுக்காது. மழையில் கட்டாதீர்கள், கை கழுவும்போது கழற்றிவிடுங்கள். பீரோவில் வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைக்காதீர்கள்.

சாவி கொடுப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தினமும் காலையில் ஒரே நேரத்தில், வாட்சைக் கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். கட்டியபடியே திருகினால் தண்டு பக்கவாட்டில் வளையும். தானாக நிற்கும் இடம் வரை கொடுக்கலாம். சாவி அதிகமாகக் கொடுத்து வாட்ச் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது அழுக்கில் சிக்கி நின்ற வாட்ச்தான், முழுச் சாவி ஏறியிருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் இப்போது சர்வீஸ் ஆகும்வரை, நான் சொன்ன மூன்று நாள் சோதனைக்கு மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திவையுங்கள். காய்ந்த எண்ணெயில் தினமும் ஓடுவது தண்டு முனைகளைத் தின்னும்.

விலை எவ்வளவு போகும் என்று இன்னொருவர் கீழே கேட்டிருக்கிறார். நான் பழுது பார்ப்பவன், விலை மதிப்பிடுபவன் இல்லை, அதில் வாயைத் திறக்க மாட்டேன். நீங்கள் சோதனையை முடித்ததும் மூன்று நாள் அளவுகளையும் எத்தனை மணி ஓடி நின்றது என்பதையும் இங்கேயே எழுதுங்கள். முடிந்தால் வாட்ச் ஓடாமல் நிற்கும்போது பேலன்ஸுக்கு நேர் மேலிருந்து ஒரு படம், வளையங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி எடுத்துப் போடுங்கள். ஒட்டியிருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.